திசு சொல்லும் சாட்சியம்: புற்றுநோய்க் கட்டியின் புரதங்களை வாசிக்கக் கற்ற வரலாறு

மார்பில் தோன்றிய கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட சதைத்துணுக்கின் ஆய்வறிக்கை கைக்கு வரும்போது, நம் குடும்பங்கள் அதில் தேடுவது ஒரே ஒரு சொல்லைத்தான். புற்றா, இல்லையா? அந்தச் சொல்லைக் கண்டதும் வீடே கலங்கிவிடுகிறது. அதற்குக் கீழே அச்சிடப்பட்டிருக்கும் நான்கைந்து வரிகளைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று சில குறியீடுகளும், அவற்றின் எதிரே ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’, ‘3+’ என்று சில குறிப்புகளும் அங்கே இருக்கும். ஆயினும், எந்த மருந்து கொடுக்கப்பட வேண்டும், எந்த மருந்து வீண் என்று மருத்துவர் முடிவெடுப்பது பெரிதும் அந்த வரிகளைக் கொண்டுதான்.

அக்குறியீடுகள் ஒவ்வொன்றும் கட்டியின் செல்களில் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர். நோயின் போக்கையோ மருந்தின் பயனையோ முன்கூட்டி அறிவிக்கும் இத்தகைய அடையாளத்தை மருத்துவ உலகம் ‘பயோமார்க்கர்’ என்றழைக்கிறது. நாம் அதனைச் சாட்சி என்று அழைக்கலாம். ஒரு செய்தி கிடைத்தவுடன் அதனை ஏற்றுவிடாமல், சொன்னவர் யார், நம்பத்தக்கவரா, கேட்டவர் சரியாகக் கேட்டாரா என்று ஆராய்வது மதரஸாக்களில் பாடம் நடத்தும் நமக்குப் பழகிய ஒழுங்கு. கட்டியின் புரதங்களை மனிதன் வாசிக்கக் கற்ற வரலாற்றைப் படிக்கும்போது, அதே ஒழுங்கு பேணப்பட்ட இடங்களில் உயிர்கள் காக்கப்பட்டதையும், தவறிய இடங்களில் உயிர்களுக்கு ஆபத்து நேர்ந்ததையும் காண்கிறோம். அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கண்ணுக்குத் தெரிந்த கட்டி

நெடுங்காலம் மருத்துவர்கள் கட்டியைக் கண்ணாலும் கையாலும் மட்டுமே அறிந்தனர். ஸ்பெயினின் குர்துபா நகரை ஒட்டிய மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936-ஆம் ஆண்டளவில் பிறந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் முப்பதாம் பகுதியில் புற்றுக்கட்டியைப் பற்றி எழுதியுள்ளார். சிறிதாகவும் தொடக்க நிலையிலும், முழுவதுமாக வெட்டியெடுக்கத்தக்க இடத்திலும் இருந்தால் அறுவை செய்யலாம். பெரிதாகி முற்றிவிட்டதை நெருங்க வேண்டாம் என்பது அவர் தந்த அறிவுரை. அத்தகைய முற்றிய கட்டியை தாம் குணப்படுத்தியதுமில்லை, தமக்கு முன் எவரும் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். தம் கலையின் எல்லையை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவைத்த நேர்மை பின்வந்தோருக்கும் ஒரு பாடமாகும்.

அந்த எல்லை நகர்வதற்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1858-இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோ, நோய்களின் இருப்பிடம் செல்லே என்று நிறுவும் தம் விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். புற்றுநோய் என்பது உடலின் சொந்தச் செல்களிலிருந்தே பிறக்கிறது என்ற எண்ணம் வேரூன்றியது. ஆனால் வெட்டியெடுத்த சதை விரைவில் அழுகிவிடும் அல்லவா? 1893-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஃபெர்டினாண்ட் பிளம் என்பவர், கிருமிநாசினியாகப் பயன்படுமா என்று ஃபார்மலினைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல் தோல் இறுகிப்போவதைக் கவனித்தார். சதையும் அவ்வாறே இறுகி, அழுகாமல் நிற்கும் என்று கண்டறிந்தார். ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஏட்டினும் மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இன்றும் ஒவ்வொரு பயாப்சியும் அந்த மெழுகுக் கட்டியாகவே சேமிக்கப்படுகிறது.

சாயமேற்றிய செல் தன் வடிவத்தைக் காட்டியது. தன் இயல்பை அது சொல்லவில்லை. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு கட்டிகளில் ஒன்று மருந்துக்குப் பணியும், மற்றொன்று பணியாது. காரணம் தெரியவில்லை.

சிலருக்கு மட்டும் பலித்தது ஏன்?

இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாக்கியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். மார்பகப் புற்று முற்றிய பெண்களுக்குச் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்கக்கூடும் என்று கருதி, அவ்வாறு செய்து, 1896-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். சில பெண்களிடம் கட்டி வியக்கத்தக்க விதத்தில் சுருங்கியது. மற்றவர்கள் பெரிய அறுவையின் துன்பத்தை மட்டும் சுமந்தனர். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு எவராலும் முடியவில்லை.

விடை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1950-களின் பிற்பகுதியில் எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்புநீரில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, உடலில் அது எங்கே செல்கிறது என்று பின்தொடர்ந்தனர். கருப்பை போன்ற சில உறுப்புகளே அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. அங்கே ஏதோ ஒரு புரதம் வாசல் திறந்து வரவேற்கிறது என்பது தெளிந்தது. அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அறிக்கையில் ‘ஈ.ஆர்.’ என்று வருவது அதுதான். மார்பகக் கட்டிகளில் சிலவற்றில் இந்தப் புரதம் மிகுந்தும், சிலவற்றில் இல்லாமலும் இருப்பதை ஜென்சன் காட்டினார். புரதம் உள்ள கட்டி ஈஸ்ட்ரோஜனை உணவாகக் கொண்டு வளர்கிறது. அதைத் தடுத்தால் வாடுகிறது. புரதம் இல்லாத கட்டிக்கு அந்தத் தடையால் இழப்பேதுமில்லை.

இவ்வாறு பீட்சனின் புதிருக்கு விடை கிடைத்தது. ஈஸ்ட்ரோஜனின் இடத்தை அடைத்துக்கொள்ளும் டாமோக்சிஃபென் என்ற மாத்திரையை 1977-இல் அமெரிக்க அரசு மார்பகப் புற்றுக்கு அனுமதித்தது. ஈ.ஆர். உள்ளவர்கள் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இம்மாத்திரையை உட்கொண்டால், அந்நோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்களவு குறைகிறது என்று பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தெரிந்தது. ஈ.ஆர். இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. ஒரே ஒரு புரதத்தின் இருப்பு, மலிவான ஒரு மாத்திரையை உயிர்காக்கும் மருந்தாகவோ வெறும் வில்லையாகவோ ஆக்குகிறது.

புரதத்தைக் கண்ணால் காணும் வழி

ஜென்சனின் தொடக்கச் சோதனைக்கு ஒரு குறை இருந்தது. கட்டியை அரைத்துக் கரைத்தே புரதத்தை அளக்க வேண்டும். எந்தச் செல்லில் அது இருந்தது என்று தெரியாது. புற்றுச் செல்லும் நல்ல செல்லும் ஒன்றாகக் கலந்துவிடும். ஊரின் மக்கள்தொகையைச் சொல்லலாம், எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று சொல்ல முடியாது என்பதைப் போன்றது அது. புரதங்களின் வரைபடம் வேண்டுமானால், புரதத்தை அது இருக்கும் இடத்திலேயே காண வேண்டும்.

அதற்கான வழியை ஹார்வர்டில் பணியாற்றிய ஆல்பர்ட் கூன்ஸ் வகுத்தார். உடலின் எதிர்ப்பாற்றல் உருவாக்கும் ஆன்டிபாடி, தனக்குரிய ஒரு பொருளை மட்டுமே தேடிப் பற்றிக்கொள்ளும். பூட்டுக்கேற்ற சாவி போல. அந்த ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைத்துவிட்டால், அது பற்றிய இடம் நுண்ணோக்கியில் ஒளிரும் அல்லவா? 1939-இல் பெர்லினில் தங்கியிருந்தபோது இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1941-இல் நிமோனியாக் கிருமிகளைக் கொண்டு அதை மெய்ப்பித்தார்.

அதன்பின் பலர் ஒவ்வொரு படியாகச் சேர்த்தனர். 1966-இல் நாகானே, பியர்ஸ் ஆகியோர் ஒளிரும் சாயத்திற்குப் பதிலாக ஒரு நொதியை இணைத்தனர். அதனால் சாதாரண நுண்ணோக்கியிலேயே பழுப்பு நிறமாகப் புரதம் தெரிந்தது. 1974-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் கிளைவ் டெய்லரும் அவரோடு உழைத்தோரும், ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த பழைய திசுவிலும் இம்முறை செல்லும் என்று காட்டினர். 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், ஒரே வகையான ஆன்டிபாடியை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டனர். அதற்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. உலகின் எந்த ஆய்வகமும் அதனைப் பின்பற்ற முடிந்தது. 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்னுமொரு தடை எஞ்சியிருந்தது. ஃபார்மலின் திசுவைக் காக்கும்போதே அதன் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து மறைத்தும் விடுகிறது. சாட்சி இருக்கிறார், ஆனால் வாய் கட்டப்பட்டிருக்கிறார். 1991-இல் ஷி ஷான்-ரோங் என்ற ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும், திசுச் சீவலை ஒரு கரைசலில் இட்டு மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றினால் அக்கட்டு அவிழும் என்று வெளியிட்டனர். வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒரு கருவி, உலக மருத்துவமனைகளின் அலமாரிகளில் பல்லாண்டுகளாகக் கிடந்த மெழுகுக் கட்டிகளை எல்லாம் பேச வைத்தது.

ஹெர்-2: பகைவனே அடையாளமானது

1980-களின் நடுவில் ஹெர்-2 என்ற மரபணு கண்டறியப்பட்டது. செல்லின் மேற்பரப்பில் நின்று ‘வளர்க’ என்று கட்டளை வாங்கி உள்ளே அனுப்பும் புரதம் அதனுடையது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டென்னிஸ் ஸ்லாமனும் உடன் ஆய்ந்தோரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, 1987-இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் கட்டிகளில் இம்மரபணு பன்மடங்காகப் பெருகியிருந்தது. அப்பெண்களுக்கே நோய் விரைவில் திரும்பியது, வாழ்நாளும் குறைந்தது. பின்வந்த விரிவான கணக்குகள் அந்தப் பங்கினை 15 முதல் 20 விழுக்காடு என்று திருத்தின.

முதலில் இது கெட்ட செய்தியாகவே இருந்தது. பிறகு அந்தப் புரதத்தையே குறிவைத்து ஓர் ஆன்டிபாடி உருவாக்கப்பட்டது. டிராஸ்டுசுமாப் என்னும் அம்மருந்து 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வேளையில், திசுவில் ஹெர்-2 புரதத்தைக் காட்டும் சாயச் சோதனைக்கும் அனுமதி தரப்பட்டது. மருந்தும் அதனைப் பெறத்தக்கவரைக் காட்டும் சோதனையும் கைகோத்து வந்த நிகழ்வு இது. 0, 1+, 2+, 3+ என்று அறிக்கையில் காணும் எண்கள், செல்லின் விளிம்பில் பழுப்பு நிறம் எவ்வளவு அழுத்தமாகவும் முழுமையாகவும் படிந்துள்ளது என்பதன் அளவு. 2+ என்றால் ஐயம். மரபணுவை நேரே எண்ணிப் பார்க்கும் இரண்டாம் சோதனை தேவை. தொடக்க நிலையில் உள்ள ஹெர்-2 நோயாளிகளுக்கு இம்மருந்தைச் சேர்த்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மிகக் கொடிய வகை என்று அஞ்சப்பட்டது, சிகிச்சைக்கு நன்கு பணியும் வகையாக மாறிற்று.

ஒரு புரதத்திலிருந்து வரைபடத்திற்கு

மனித உடலில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஒவ்வொரு புரதமாக, ஒவ்வொரு கட்டியாகச் சோதித்தால் ஆயுள் போதாது. 1998-இல் கோனோனன், கல்லியோனியெமி ஆகியோரின் குழு எளிய உபாயம் ஒன்றை வெளியிட்டது. பல நோயாளிகளின் மெழுகுக் கட்டிகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருளைகளைக் குடைந்தெடுத்து, ஒரே மெழுகுக் கட்டியில் வரிசையாக நட்டனர். ஒரே சீவலில், ஒரே சாயத்தில், ஆயிரம் கட்டிகள் வரை ஒப்பிட முடிந்தது.

இந்த உபாயத்தை அடித்தளமாகக் கொண்டு, சுவீடனில் மத்தியாஸ் ஊலேன் தலைமையில் 2003-இல் ‘மனிதப் புரத அட்லஸ்’ என்னும் பெருந்திட்டம் தொடங்கியது. நலமான திசுக்களிலும், 20 வகைப் புற்றுக்கட்டிகளிலும் ஒவ்வொரு புரதமும் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று படம் பிடிப்பதே அதன் நோக்கம். இப்பணியில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. சுவீடனில் எடுக்கப்பட்ட படங்களைக் கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதிய நோய்க்கூறியல் மருத்துவர்களில் பலர் மும்பையில் இருந்தவர்கள். 2017-இல் வெளிவந்த இதன் புற்றுநோய்ப் பகுதி, 17 முதன்மைப் புற்றுநோய்களையும் ஏறத்தாழ 8,000 நோயாளிகளின் மரபணுத் தரவுகளையும் இணைத்து, 50 லட்சத்திற்கும் மேற்பட்ட திசுப் படங்களோடு வந்தது. எவரும் கட்டணமின்றி அதனைப் பார்க்கலாம்.

‘மரபணுவை வாசித்தால் போதாதா, புரதத்தை ஏன் தனியே தேட வேண்டும்?’ என்று கேட்கத் தோன்றும். மரபணு என்பது ஏட்டில் எழுதிவைத்த சமையற்குறிப்பு; புரதம் என்பது சட்டியில் வெந்த சோறு. குறிப்பு இருப்பதாலேயே சமையல் நடந்துவிட்டது என்று சொல்ல இயலாது. 2014-இல் ‘நேச்சர்’ இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களின் 95 திசு மாதிரிகளை ஆராய்ந்து, மரபணுவின் செய்தி எவ்வளவு உள்ளது என்பதைக் கொண்டு புரதம் எவ்வளவு இருக்கும் என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்று காட்டினர். பெரும்பாலான மருந்துகள் தாக்குவது புரதத்தை. எனவே புரதத்தையே நேரில் கேட்டாக வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு ஆன்டிபாடியைத் தவிர மற்றொரு கருவியும் துணைநின்றது. மூலக்கூறுகளை அவற்றின் எடையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானி அது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் சிதையாமல் அதனுள் செலுத்தும் வழியைக் கண்டவர்களுள் ஒருவர் ஜப்பானின் கொய்ச்சி தனாக்கா. 1985-இல் தவறுதலாக கிளிசரினைக் கோபால்ட் தூளோடு கலந்துவிட்ட அவர், வீணாக்க மனமின்றி அக்கலவையையே சோதித்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. 2002-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1997-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் கேப்ரியோலி, இக்கருவியால் திசுச் சீவலைப் புள்ளி புள்ளியாக வாசித்து, மூலக்கூறுகளின் படத்தை வரைந்து காட்டினார்.

சாட்சியம் பொய்த்தபோது

இதுவரை கண்டது வெற்றிகள். இனிச் சொல்பவை வெற்றிகளைவிட முக்கியமானவை.

2002-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கட்டியைத் தொடாமலே, ஒரு துளி இரத்தத்தில் உள்ள புரதங்களின் கோலத்தைக் கணினியால் வாசித்து, சினைப்பைப் புற்றைக் கண்டறியலாம் என்று அது கூறியது. சோதித்த 50 புற்றுநோயாளிகளில் ஐம்பதின்மரையும் அது சரியாகச் சுட்டியது. நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாக விலக்கியது. உலகமே மகிழ்ந்தது. வணிகச் சோதனையாகக் கொண்டுவரவும் ஏற்பாடாயிற்று. ஆனால் ஹூஸ்டன் நகரின் கீத் பேகர்லி முதலான புள்ளியியலாளர்கள் வெளியிடப்பட்ட தரவுகளை எடுத்துத் தாமே கணக்கிட்டபோது, அம்முடிவுகள் மீண்டும் கிட்டவில்லை. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்திலும் கருவி இயங்கிய விதத்திலும் இருந்த வேறுபாடுகளே நோயின் அடையாளமாகத் தோன்றியிருக்கக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர். 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தலையிட்டது. அச்சோதனை சந்தைக்கு வரவேயில்லை. ஒரு துளி இரத்தத்தில் எல்லாப் புற்றையும் கண்டறிவதாக இன்றும் கைபேசியில் பகிரப்படும் செய்திகளைக் காணும்போது இந்நிகழ்வை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நிகழ்வு இதனினும் வேதனையானது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாநிலத்தில் 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஈ.ஆர். சோதனைகளில் பிழைகள் இருப்பது 2005-இல் வெளிப்பட்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட பழைய திசுக்கள் வேறோர் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டு மீண்டும் சோதிக்கப்பட்டன. 400-க்கு நெருங்கிய பெண்களின் அறிக்கைகள் தவறானவை என்று தெரிந்தது. ‘புரதம் இல்லை’ என்று எழுதப்பட்டதால், அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய டாமோக்சிஃபென் போன்ற சிகிச்சை வழங்கப்படவில்லை. உண்மை தெரியவந்தபோது அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிருடன் இல்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-இல் தன் அறிக்கையை அளித்தது. திசுவைப் பதப்படுத்துவதிலும் சாயமேற்றுவதிலும் தரக்கட்டுப்பாடு பேணப்படாததை அது விரிவாக எடுத்துரைத்தது.

இது ஒரு மாநிலத்தின் குறை மட்டுமன்று. உலகெங்கும் செய்யப்படும் ஈ.ஆர்., பி.ஆர். சோதனைகளில் 20 விழுக்காடு வரை பிழையாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் நோய்க்கூறியலாளர்களும் கூடி 2010-இல் வெளியிட்ட வழிகாட்டி எச்சரித்தது. அவர்கள் வகுத்த விதிகள் எளியவை. வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்திற்குள் ஃபார்மலினைச் சேர வேண்டும். ஆறு மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும். புரதம் உள்ளது என்று ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு திசுவையும் உடன்வைத்துச் சாயமேற்றி, சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை. வேண்டுவது ஆய்வகப் பணியாளரின் அமானிதம் மட்டுமே.

இல்லாமையும் ஒரு சாட்சி

அண்மைக்கால வரலாறு மேலும் இரண்டு உண்மைகளைச் சேர்த்திருக்கிறது.

முதலாவது, ஒரு புரதம் இல்லாதிருப்பதும் செய்தியே. மரபணுவில் நேரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்கள் நான்கு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. கட்டியில் இவற்றுள் ஏதேனும் காணாமற்போயிருந்தால் அங்கே பிழைகள் குவிகின்றன. பிழை மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்பாற்றல் எளிதில் அந்நியனாக அடையாளம் காண்கிறது. எனவே எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து அங்கே நன்கு பலிக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து, முற்றிய நிலையில் இத்தகைய குறைபாடுள்ள கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் தோன்றியிருந்தாலும் தரலாம் என்று அனுமதிக்கப்பட்டது. புற்றுநோயை உறுப்பின் பெயரால் அழைக்காமல் அதன் இயல்பால் அழைத்த முதல் அனுமதி அது. இக்குறைபாடு சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். அத்தகைய வீடுகளில் ஒருவரின் திசு, அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் முன்னெச்சரிக்கை ஆகிறது.

இரண்டாவது, வரைபடத்தின் எல்லைக்கோடுகள் மாறக்கூடியவை. ஹெர்-2 அளவு 1+ என்றோ, 2+ ஆக இருந்து இரண்டாம் சோதனையில் பெருக்கம் இல்லை என்றோ வந்தால், முன்பு அவர் ‘நெகட்டிவ்’ என்று ஒதுக்கப்பட்டார். 2022-இல் வெளியான ஆய்வொன்று, நோய் பரவிய நிலையில் உள்ள அத்தகையோருக்கும் ஹெர்-2-ஐக் குறிவைக்கும் ஒரு புதிய மருந்து வாழ்நாளை நீட்டுகிறது என்று காட்டியது. நேற்று பொருளற்றதாக இருந்த வெளிறிய பழுப்பு நிறம் இன்று ஒரு வாய்ப்பாகிவிட்டது. மேலும், ஒரே சீவலில் பல பத்துப் புரதங்களைச் சேர்ந்தே காணும் கருவிகள் இப்போது வந்துள்ளன. புற்றுச் செல்லுக்கு அருகில் எந்த எதிர்ப்புச் செல் நிற்கிறது, எது விலகி நிற்கிறது என்று தெரு, வீடு என வரையும் நிலைக்கு இக்கலை வந்துள்ளது. ‘நேச்சர் மெத்தட்ஸ்’ இதழ் இதனை 2024-ஆம் ஆண்டின் முதன்மை ஆய்வுமுறையாகத் தேர்ந்தது.

இவ்வரலாறு நம்மிடம் கேட்பது

நோய் வந்தால் மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று என்பதை நம் மக்கள் நன்கறிவர். ஆனால், தேடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கட்டியின் பெயரை மட்டும் கேட்டு, ‘அவருக்குக் கொடுத்த மருந்தையே இவருக்கும் கொடுங்கள்’ என்று கேட்பது, மேலே கண்ட நூற்றாண்டு உழைப்பை ஒதுக்கித் தள்ளுவதாகும். ஒரே ஊரில், ஒரே உறுப்பில் தோன்றிய இரு கட்டிகளின் புரதங்கள் வேறு. அவற்றின் மருந்தும் வேறு.

ஆதலால் அறிக்கையின் கீழ்வரிகளையும் கேட்டறிய வேண்டும். மார்பகப் புற்று எனில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் சோதிக்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஹெர்-2 அளவு 2+ என்றிருந்தால், இரண்டாம் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்கலாம். முடிவில் ஐயம் இருந்தால், மெழுகுக் கட்டியைப் பெற்று வேறோர் ஆய்வகத்தில் காட்டி மறு கருத்துக் கேட்க நோயாளிக்கு வழியுண்டு; இதில் மருத்துவரை அவமதிப்பது ஏதுமில்லை. அறிக்கைகளையும் மெழுகுக் கட்டி எங்கே சேமிக்கப்பட்டுள்ளது என்ற விவரத்தையும், சொத்துப் பத்திரங்களைப் பேணுவது போலப் பேணிவைக்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தில் உண்மை வெளிவந்ததற்கே, பழைய மெழுகுக் கட்டிகள் எறியப்படாமல் இருந்ததுதான் காரணம்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக ஒன்று உண்டு. மெழுகில் பதிய வேண்டிய திசு முதலில் மருத்துவரின் கைக்கு வர வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் பலர், மார்பில் தோன்றிய கட்டியை நாணத்தால் கணவரிடமும் சொல்லாமல், மகளிடமும் சொல்லாமல், மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றனர். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற வீண் அச்சமும் பயாப்சியைத் தள்ளிப்போட வைக்கிறது. சிறிதாக இருக்கும்போதே முயல வேண்டும் என்று அஸ்ஸஹ்ராவி எழுதி ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரிடம் கத்தி மட்டுமே இருந்தது. இன்று, எந்தக் கட்டிக்கு எந்த மருந்து என்று கேட்டறியும் வழியும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களும் ஆலிமாக்களும் இதனைப் பெண்களின் மஜ்லிஸ்களில் கூச்சமின்றிப் பேசத் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், பல வீடுகளில் காலம் கடப்பதற்கு முன்பே அந்தக் கேள்வி கேட்கப்படும்.